எலிப் பெட்டியும் என் கைராசியும்

"எலிக்குப் பைத்தியம் பிடிக்குமாங்கய்யா?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். மருந்தாக்கம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி ஒன்றில், பழைய ஆள் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று யாரோ சொல்லி, மனநோய் மருந்தை எலியிடம் சோதித்த கதையைப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எலி ரொம்பத் தெளிவும்மா, பைத்தியம் எங்களுக்குத்தான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பதில் இல்லை, சமாளிப்பு என்று உறைத்தது. அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கேள்விக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன். ஒழுங்கான பதிலை இப்போது எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அன்னவாசல். அப்பாவுக்கு மானாவாரி நிலம், கடலை போடுவார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த நேரத்தில், ராஜாவின் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் பழைய குதிரை லாயம் ஒன்றைச் சுண்ணாம்படித்து மருந்து ஆராய்ச்சிக் கூடமாக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே மனநோயாளிகளுக்குப் பன்னிரண்டு படுக்கை வார்டு. இரண்டுக்கும் தலைவி டாக்டர் லோகநாயகி. கும்பகோணத்துக்காரர், ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் கணீர் என்று இருக்கும். வேலைக்குப் போன அன்று என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: எலியைக் கண்டால் அருவருப்பா? "இல்லீங்கம்மா, பிள்ளையார் வாகனம்ல" என்றேன். சிரித்துவிட்டு, நாளைக்கே வரச் சொன்னார்.

முதல் வருஷம் முழுக்கக் கூண்டு கழுவினேன். எலியைப் பிடரித் தோலில் பிடித்துத் தூக்கக் கற்றேன், எடை போடக் கற்றேன், தலையிலும் முதுகிலும் வாலிலும் மஞ்சள் மருந்தால் புள்ளி வைத்து அடையாளம் போடக் கற்றேன், வயிற்றில் ஊசி போடக் கற்றேன். எத்தனை கடி வாங்கினேன் என்பதற்கு என் விரல்களே சாட்சி. இதற்கு மேல் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் பெட்டிக்கு வந்தேன். முன்பக்கம் கண்ணாடி. அடியில் பலகைக்குப் பதில் இரும்புக் கம்பிகள். மேல் மூடியிலிருந்து நடுவில் ஒரு மரக்கம்பம் தொங்கும். வெளியே ஒரு பொத்தான். அழுத்தினால் மின்சார மணி அடிக்கும், ஐந்து நொடி கழித்து அடிக்கம்பியில் லேசான மின்சாரம் பாயும். எலி துள்ளும், தவிக்கும், கடைசியில் கம்பத்தைப் பிடித்து ஏறிவிடும். இப்படிப் பத்து நாள் பழக்கினால், மணி அடித்த மாத்திரத்தில் ஏறிக்கொள்ளும். மின்சாரம் வருகிற வரைக்கும் காத்திருக்காது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பழகிய எலிக்கு மருந்தை ஊசி போட்டுப் பெட்டியில் விடுவோம். நோட்டில் மூன்று கட்டம். மணிக்கே ஏறியதா? மின்சாரம் பட்ட பிறகு ஏறியதா? இரண்டுக்கும் ஏறவே இல்லையா? வெறும் தூக்க மருந்து கொடுத்தால் எலி இரண்டுக்கும் ஏறாது, சுருண்டு கிடக்கும். மனநோய்க்குக் கேட்கிற மருந்து கொடுத்தால் நடப்பதே வேறு. மணி அடிக்கும், எலிக்குக் காதில் விழும், ஆனால் வரப்போகிற வலியை நினைத்துப் பதறாமல் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் பட்டதும் ஏறும். உடம்பில் தெம்பு இருக்கிறது, பயம் மட்டும் பிடியை விட்டிருக்கிறது. வராத ஆபத்துக்கெல்லாம் இருபத்து நாலு மணி நேரமும் மணி அடித்துக்கொண்டிருக்கும் தலை ஒன்றுக்கு அந்த மருந்து உதவக்கூடும் என்பது கணக்கு. எலிக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டியதில்லை தாயே. பயம் இருந்தால் போதும்.

டாக்டரம்மாவின் நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வலது பக்கத்தில்தான் முடிவு எழுதுவார். இடது பக்கம் காலியாக இருக்கும். அதன் தலையில் 'வேறு காரணம்' என்று இரண்டு சொல். வலது பக்கத்தில் எது எழுதினாலும், அது மருந்தால்தான் நடந்ததா, வேறு எதனாலும் நடந்திருக்குமா என்று இடது பக்கத்தில் ஒன்றாவது எழுதியாக வேண்டும். எழுதியதைச் சோதித்து, இல்லை என்று தெரிந்தால்தான் கோடு போட்டு அடிப்பார். வெயில், தீனி, மணியின் சத்தம், ஊசியின் அளவு என்று பக்கம் நிரம்பிக் கிடக்கும். தன் மேலேயே இப்படிச் சந்தேகப்படுகிற மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. நான் ஒருநாள் பொறுக்காமல், "நல்லது நடந்தா நம்பிட்டுப் போகலாமேம்மா" என்றேன். நல்லது நடந்தால்தான் ரொம்பச் சந்தேகப்பட வேண்டும், கெட்டதை யாரும் சும்மா நம்பிவிடுவதில்லை என்றார்.

எனக்கு அங்கே கைராசிக்காரன் என்று பெயர். கீரனூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற ஆரோக்கியம் அண்ணன் எலியைப் பழக்கப் பத்து நாள் எடுப்பார், எனக்கு ஐந்து நாளில் படிந்துவிடும். ஆரோக்கியம் அண்ணன், "ஒன்கிட்ட வசிய மை இருக்குடா" என்று கேலி பேசுவார். எனக்கும் உள்ளூர ஒரே பெருமை. ஒரு சின்ன வழக்கம் மட்டும் எனக்கு உண்டு. கால் தெரியாமல் ஒருவர் மேல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது. நான் தெரிந்தே ஒரு ஜீவனை நோகடிக்கிறேன். ஆகவே ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்துவதற்கு முன் பெட்டியின் கண்ணாடியை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குனிந்து அதே கையால் அழுத்துவேன். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என் அக்கா மீனாட்சி. திருவரங்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். பெண் குழந்தை பிறந்த மறு வருஷம் அக்காவுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். கோயில், மந்திரிப்பு எல்லாம் பார்த்து, கடைசியில் எங்கள் வார்டுக்கே கூட்டிவந்தேன். வெளிநாட்டிலிருந்து அப்போதுதான் ஒரு மாத்திரை வர ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வாரம், நான் போய் நின்றபோது, அக்கா என் முகத்தைப் பார்த்து, "தம்பி, நீ சாப்ட்டியா?" என்றாள். எட்டு மாசத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் அந்த மாத்திரை கையை நடுங்க வைத்தது. வார்டிலிருந்து அன்னவாசல் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவளுக்கு எப்போதும் அரை டம்ளர் காப்பிதான். முழுசாக ஊற்றினால் பாதி சேலையில் போகும். மச்சான் கெட்டவர் இல்லை, மாசம் ஒருதரம் வந்து பார்ப்பார். ஆனால் கை ஆடுவதைப் பார்க்கிற ஊர், இன்னும் தெளியவில்லை என்றுதான் பேசிற்று. "கை நின்னதும் கூட்டிட்டுப் போறேன்" என்பார். குழந்தை அவர் வீட்டில் வளர்ந்தது. அக்காவுக்குக் கை நிற்க வேண்டும், அவ்வளவுதான் உலகத்தில் வேண்டியது.

சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து எடுத்த மனநோய் மருந்து அப்போது உலகமெல்லாம் பேச்சாகிக் கிடந்தது. நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளிலும் அப்படி ஏதாவது வேர் இருக்காதா என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சாறு எடுத்துச் சோதித்துவந்தார். பதினாறு வேர் தோற்றது. பதினேழாவது வேருக்கு நான் பழக்கிய இருபது எலிகளை எடுத்தோம். காலையில் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட பத்து எலி, மத்தியானம் வேர்ச்சாறு போட்ட பத்து எலி. காலைப் பத்தையும் நான் பார்த்தேன். பத்தும் மணிக்கே ஏறின. சாப்பிட உட்காரும்போது, மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. போட்டது போட்டபடி கிளம்பினேன். மத்தியானப் பத்தை ஆரோக்கியம் அண்ணன் பார்த்தார். பொத்தானை அழுத்துகிறவர் யாராயிருந்தால் என்ன, அடிப்பது மின்சார மணிதானே என்று எல்லோரும் நினைத்தோம்.

பையன் பிறந்து நான்கு நாள் கழித்துத் திரும்பினால், கூடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. வேர்ச்சாறு போட்ட பத்தில் ஒன்பது எலி மணிக்கு ஏறவில்லை. மின்சாரம் பட்டதும் பத்தும் ஏறின. விறைப்பு இல்லை, நடுக்கம் இல்லை, மற்ற எலிகளைப் போலவே ஓடியாடின. இப்படி ஒரு மருந்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மா இடது பக்கத்தில் ஏழு காரணம் எழுதி ஏழையும் சோதித்து அடித்திருந்தார். சென்னையில் இருக்கிற மேலிடத்துக்குக் கடிதமும் போய்விட்டது. நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவருகிற வேர், விஷமில்லை என்பது தெரிந்ததுதான். ஆகவே வார்டில் சேர்த்து வைத்து மூன்று பேருக்குப் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆரம்பம். முதல் பெயர் மீனாட்சி.

அக்காவிடம் சொன்னேன். நம்ப முடியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப முழு டம்ளர் குடிக்கலாமாடா?" என்றாள். சட்டி நிறையக் குடி என்றேன்.

சனிக்கிழமை புது எலிகளோடு பெட்டியில் இருந்தேன். பழக்கி முடிகிற தறுவாய். கண்ணாடியைத் தொட்டேன், கண்ணில் ஒற்றினேன், பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. மின்சாரம் போயிருந்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே நிமிர்ந்தால், எலி கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இன்னொரு எலியை விட்டேன். தொட்டு ஒற்றினேன், ஏறிற்று. மூன்றாவதும் ஏறிற்று. மின்சாரம் வந்த பிறகு, நாலாவது எலிக்குக் கண்ணாடியைத் தொடாமல் பொத்தானை மட்டும் அழுத்தினேன். மணி கணகணவென்று அடித்தது. எலி நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் பட்டதும் ஏறிற்று. என் எலிகள் மணியைப் படிக்கவே இல்லை, என் கையைத்தான் படித்திருந்தன. கை தெரிந்தால் ஏறும். ஆரோக்கியம் அண்ணன் கும்பிடாமல் அழுத்தினார், அவை ஏறவில்லை. பதினேழாம் நம்பர் வேரில் ஒன்றுமே இல்லை. அது வெறும் கஷாயம்.

அன்று யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், மூடி மறைத்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். கைராசிக்காரன் பெயர் போகும், வேலை போகும், டாக்டரம்மா தலைகுனிய வேண்டும். அதையெல்லாம்கூட விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா எட்டுக்கல் மூக்குத்தியைத் துலக்கிக்கொண்டும், குழந்தைக்கு இனி நானே தலை பின்னுவேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டும் இருந்தாள். கை நடுங்க நடுங்க அவள் சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல், கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். சொன்னால் அந்தச் சிரிப்பு போகும். சொல்லாவிட்டால் அந்த நல்ல மாத்திரை போகும். கிணறு மறுபடி பேசும். இதில் எது பெரிது என்று யோசிக்கவே ஒரு நாள் ஆயிற்று என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் பாருங்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அக்காவையும் அவள் துணிப்பையையும் கூட்டிவந்து வார்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டரம்மா அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் எழுந்து பெட்டி அறைக்கு வந்து, "செஞ்சு காட்டுங்க சுப்பையா" என்றார். மணியின் கம்பியைக் கழற்றச் சொன்னார். பத்து எலி. பத்துக்கும் தொட்டு ஒற்றினேன். எட்டு ஏறின. கம்பியை மாட்டி, கை கட்டி நிற்கச் சொல்லி, மணியை அவரே அடித்தார். ஒன்று ஏறிற்று.

"எத்தனை நாளா இப்புடிக் கும்பிடுறீங்க?"

"பெட்டிக்கு வந்த நாள்லேருந்துங்கம்மா. நாலு வருசமா."

நாலு வருஷம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாலு வருஷ நோட்டும் அவர் கண்ணுக்குள் புரண்டிருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாகப் போயிருக்கும். நேரே வார்டுக்கு நடந்தார். நர்ஸிடம் மூன்று பேருக்கும் பழைய மாத்திரையையே கொடுக்கச் சொன்னார். அங்கிருந்து தந்தி ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். முடிவு தவறு, கடிதத்தைப் புறக்கணிக்கவும் என்று, தன் பெயரைப் போட்டு, தன் தவறு என்று போட்டு. என் பெயரை எழுதவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஏழு காரணம் எழுதுனேன். அழுத்துன கை மாறுச்சே, அத எழுதலையே. நோட்டு என்னுது சுப்பையா, ஒங்களுது இல்ல."

பெஞ்சுக்குப் போனேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எலி கதையிலிருந்து ஆரம்பித்து உளறினேன். முழுசும் கேட்டாள். துணிப்பையின் சுருக்கை இழுத்து முடிந்தாள், கை ஆடியதால் அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "சரி, பழையதையே குடுக்கச் சொல்லு. அதுக்கு முன்னால எதாச்சும் திங்க வாங்கித் தா, பசிக்குது" என்றாள். கேட்டதும் நான் உடைந்துபோனேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

டாக்டரம்மா பெட்டிக்கு முன்னால் ஒரு பலகை அடைக்கச் சொன்னார். எலிக்கு எங்கள் கை தெரியாது, மேலே ஒரு துவாரம் வழியாக நாங்கள் எலியைப் பார்ப்போம். கும்பிடுவதை விட்டுவிடவா என்று கேட்டேன். வேண்டாம், அந்த நெனப்பு இல்லாத ஆளிடம் எலியைக் கொடுக்க எனக்கு மனசு வராது, பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடுங்கள் என்றார். நாலு வருஷச் சோதனையையும் முதலிலிருந்து செய்தோம். என் கைராசி போன இடம் தெரியவில்லை. எனக்கும் எலி பழகப் பத்து நாள் ஆயிற்று. பதினேழாம் வேருக்கு மறுபடி இருபது எலி எடுத்தோம். பலகைக்குப் பின்னால் நின்று மணி அடிக்க அடிக்க, வேர்ச்சாறு போட்ட எலிகள் ஒவ்வொன்றாகக் கம்பத்தில் ஏறின. டாக்டரம்மா நோட்டை மூடினார்.

"ஒங்க அக்கா மாத்திரை மாறாம நின்னுச்சுல்ல. இத்தனை வருசத்துல நாம கண்டுபுடிச்சதுலயே பெருசு அதுதான்."

அதோடு அவர் விடவில்லை. புது மருந்து இல்லையென்றால் பழைய மருந்தையே பிடித்துப் படிப்போம் என்று, அக்காவின் மாத்திரையை இரண்டு மாசத்துக்கு ஒருதரம் கால் மாத்திரை கால் மாத்திரையாகக் குறைத்தார். கிணற்றுச் சத்தம் திரும்பக் கூடாது, கையும் நிற்க வேண்டும், அந்த அளவு எங்கே இருக்கிறது? அதற்கு ஒரு சோதனையும் வைத்தார். மாசம் ஒருதரம் ஜீப்பில் அன்னவாசல் வருவார். அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் அக்கா காப்பி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். டம்ளர் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். எவ்வளவு சிந்துகிறது என்று அவர் எழுதிக்கொள்வார். முதல் மாசம் 'பாதி' என்று எழுதினார். பிறகு 'கால்'. இடையில் ஒருதரம் அக்கா கிணற்றடியில் நின்று காது கொடுத்துக் கேட்கிறாள் என்று அம்மா சொன்னதும், குறைத்ததைத் திரும்பக் கூட்டினார். மறுபடி 'பாதி'. அடுத்த மாசமும் ஜீப் வந்தது.

ஒன்றரை வருஷம் போயிற்று. அன்று மச்சானும் திருவரங்குளத்திலிருந்து வந்திருந்தார், குழந்தையோடு. அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். டம்ளர் விளிம்பில் காப்பி நின்று ஆடிற்று, தளும்பவில்லை. டாக்டரம்மாவிடம் நீட்டும்போது மட்டும் தரையில் ஒரு சொட்டு விழுந்தது.

"சிந்தவே இல்லீங்க" என்றார் மச்சான்.

டாக்டரம்மா காப்பியைக் குடித்து முடித்தார். நோட்டைப் பிரித்து வலது பக்கத்தில் 'ஒரு சொட்டு' என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்காவது இல்லை என்று எழுதக் கூடாதா என்றேன். "சிந்துச்சே, சுப்பையா" என்றார்.

மச்சான் நோட்டை எட்டிப் பார்த்தார். "எங்க ஆத்தா கொண்டாந்தா கால் டம்ளர் சிந்தும். அத யாரும் எழுதுறதில்ல" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "துணிமணி எடுத்துக்க, போவோம்" என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா அங்கிருந்து நேரே கும்பகோணம் போகிறதால், ஜீப் கிளம்பும்போது நோட்டை என் கையில் கொடுத்து, ஆராய்ச்சிக் கூடத்தில் வைத்துவிடச் சொன்னார். வழியனுப்பிவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் அந்த ஒரு சொட்டு. இடது பக்கத்தில், வேறு காரணம் என்ற தலைப்புக்குக் கீழே, அதே குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: டம்ளர் சூடு.